திரும்பி வரும் தண்ணீர்

டி.சி.யை வாங்காமல் இன்று இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. டீச்சர் சிரித்துப் பேசினாலும் சரி, கோபித்துப் பேசினாலும் சரி, நாளைக்கு வாங்க என்றாலும் சரி. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கம்பெனி அயர்ன் டேபிளில் என் இடத்தில் இந்நேரம் யாரோ நின்று காலரைக் கருக்கிக்கொண்டிருப்பார்கள், கருகட்டும். விண்ணப்பம் சட்டைப் பையில் இருக்கிறது. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் கனிஷ்காவை சொந்தக் காரணத்தினால் வேறு பள்ளியில் சேர்க்க இருப்பதால் என்று எழுதியிருக்கிறேன். சொந்தக் காரணம் என்று போட்டுவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுத் தங்கமணியக்கா சொல்லிக்கொடுத்தது. கேட்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியது. கேட்டால் என்ன சொல்வேன். தலைமையாசிரியை வசந்தகோகிலம் டீச்சர் வராந்தாவில் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். நான் வந்ததும் சாக்பீஸைக் காட்டி, "உட்காருங்க, இன்டர்வெல் உட்டதும் பேசலாங்க" என்றார். அவருடைய அறைக்குள் ஒரு வகுப்பு உட்கார்ந்திருக்கிறது, அதனால் அவருக்கு அறை இல்லை. வராந்தாவில் இரும்பு பீரோ ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, அதன் முதுகில் கறுப்பு பெயின்ட் அடித்து, அதுதான் கரும்பலகை. பீரோவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு. இந்தப் பக்கம் கழித்தல் கணக்கு, அந்தப் பக்கம் யாரோ ஒரு டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், கடன் வாங்கிக் கழிக்கிற பிள்ளைகள் அந்தப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே கழிக்கிறார்கள். இந்தச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்பதே பெரிய விஷயம்.

பள்ளிக்கூடம் என்னவோ மோசமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வந்தபோது இந்தச் சாலையில் சோளக்காடு இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கட்டடம் ஒன்றுதான். அப்புறம் பனியன் கம்பெனிகள் வந்தன, லைன் வீடுகள் வந்தன, எங்களைப் போல மதுரைப் பக்கம், தேனிப் பக்கம், இப்போது ஒடிசா, பீகார் என்று ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் பிள்ளைகள். கட்டடம் மட்டும் மெதுவாகத்தான் வந்தது. காலைப் பிரேயரை இரண்டு தடவையாக நடத்துகிறார்கள். மத்தியானச் சாப்பாடும் அப்படித்தான், கடைசிப் பந்தி தட்டைக் கழுவும்போதே வகுப்புக்கு மணி அடித்துவிடும். பேர் சொல்லிக் கூப்பிட நேரமாகிறது என்று வரிசை வரிசையாக எண்ணி ஆஜர் போடுகிறார்களாம், கனிஷ்கா சொல்லித்தான் தெரியும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. மூன்றாவது வரிசையில் யாராவது வராவிட்டால் தன்னையே இரண்டு பேராக எண்ண முடியுமா என்று யோசித்துப் பார்த்தாளாம், சிரித்தாள். அவள் சிரிக்கும்போது அவள் அம்மா முனீஸ்வரிக்கு விழுந்த மாதிரியே இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். நன்றாகத்தான் படிக்கிறாள். கணக்கு வருகிறது. டீச்சர்கள் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்தத் தண்ணீர் பாட்டில் மட்டும்தான்.

காலையில் காய்ச்சி ஆற வைத்து நிரப்பிக் கொடுப்பேன். நீல நிற பாட்டில், மூடியில் ஒரு கயிறு. சாயங்காலம் அப்படியே நிறைந்து வரும். ஏன் குடிக்கலை என்றால் மறந்துட்டனுங்ப்பா என்பாள், என் பேச்சு ஒரு ஊர், அவள் பேச்சு இந்த ஊர். ஒருநாள் காய்ச்சல் வந்தது, அடிவயிறு வலிக்கிறது என்றாள், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்பதை என்னிடம் சொல்லவில்லை, தங்கமணியக்காவிடம் சொன்னாள். பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சின்ன வயசு, என் முகத்தைப் பார்க்காமலே, "தண்ணி நிறையக் குடிக்கணும், அடக்கி வைக்கக் கூடாது, திரும்பத் திரும்ப வந்தா கிட்னி வரைக்கும் போகும்" என்றாள். கிட்னி என்ற சொல்லை நான் அந்தக் கட்டடத்தில் முன்பே கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து சத்தம் போட ஆரம்பித்தேன். சத்தம் போட்ட பிறகு பாட்டில் காலியாகத் திரும்பி வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது, ஒரு மாதம் அப்பாடா என்றே இருந்தேன், தங்கமணியக்கா வந்து, "ஏந் தம்பி, உம்பொண்ணு தெனமும் சாயந்தரம் அந்த முக்குல செவல நாய்க்குத் தண்ணி ஊத்தறாளே, பாத்தியா? அது இவ வர்ற நேரத்துக்குச் சட்டியோட காத்துக்கிட்டு நிக்குது" என்று சொல்லும் வரைக்கும். நான் நல்ல பிள்ளை என்றேன். "நல்ல புள்ளதான். அவ குடிக்கறாளான்னு கேட்டயா? நா கேட்டேன். குடிச்சா அப்பறம் போகோணும்ல அத்தை, எங்க போறதுங்கறா. பொட்டப்புள்ளைகளுக்கு அங்க ஒரே ஒரு கக்கூசு, அத்தன புள்ளைக வரிசைல நிக்குது, நம்ம மொறை வரதுக்குள்ள மணி அடிச்சுருதுங்கறா. இதெல்லாம் நீ கேக்க மாட்ட. உனக்கு வாயி எங்கிருக்குது" என்றது. இருக்கிறது. இன்று அதைக் கொண்டுதான் வந்திருக்கிறேன்.

முனீஸ்வரியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருந்தாள், பாத்ரூம் போவதற்கு டோக்கன், ஒரு லைனுக்கு ஒரு டோக்கன், சூப்பர்வைசர் மேஜையில் கிடக்கும். அதை எடுக்கப் போனால் அந்த ஆள் கடிகாரத்தைப் பார்ப்பான். கடிகாரத்தை மட்டும்தான் பார்ப்பான், ஒன்றும் சொல்ல மாட்டான், அதற்கே பெண்கள் காலையில் ஒரு டம்ளர் டீயோடு நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் அயர்ன்காரர்கள் அப்படியில்லை, ஆவியில் நிற்கிறவர்கள், கேனைச் சாய்த்துச் சாய்த்துக் குடிப்போம், கம்பெனிக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, டோக்கன் எதற்கு. அவள் கால் வீங்கியபோது நின்று வேலை பார்க்கிற வீக்கம் என்று நினைத்தோம். முகம் வீங்கியபோது தூக்கமில்லாதது என்று நினைத்தோம். பெரியாஸ்பத்திரியில் கிட்னி என்றார்கள், அங்கிருந்து அவள் வீடு திரும்பவில்லை. தண்ணீர் குடிக்காததால்தான் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. தண்ணி குடிக்க மாட்டாங்களா என்று ஒருவர் கேட்டார், கேட்டதோடு சரி, பதிலுக்கு நிற்கவில்லை. அந்தக் கேள்வி என்னிடமே நின்றுவிட்டது. கேனைச் சாய்க்கிறபோதெல்லாம் வருகிறது. கம்பெனியில் பக்கத்து ஹாலில்தான் இருந்தாள், ஒரு சுவர்தான் நடுவில், ஒருநாள்கூட நான் ஒரு டம்ளர் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தது கிடையாது, கொடுத்திருந்தால் மட்டும் குடித்திருப்பாளா, டோக்கன் அங்கேதான் கிடந்திருக்கும். இதை இப்போது நினைக்கக் கூடாது. டி.சி. வாங்க வந்தவன் டி.சி.யை நினைக்க வேண்டும்.

அவளைச் சேர்க்கப்போகிற தனியார் பள்ளிக்கு நானும் கனிஷ்காவும் போன வாரம் போனோம். வாசலிலேயே ஒரு குளிர்ச்சி, கல் தரை, பூந்தொட்டி, சத்தமே இல்லை, இவ்வளவு பெரிய கட்டடத்தில் பிள்ளைகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிரின்சிபால் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், கனிஷ்கா பேரைச் சொன்னாள், வயசைச் சொன்னாள், மற்றதற்குச் சிரித்தாள். அந்தக் குழி அங்கேயும் வேலை செய்தது, சேர்த்துக்கொள்கிறோம் என்றார். பணத்துக்கு வழி பார்த்துவிட்டேன், அதைப் பற்றி இனிமேல் நினைப்பதாக இல்லை. எனக்கு அங்கே பிடித்தது கரும்பலகைக்குப் பதிலாக இருந்த டி.வி.யோ, விளையாடுகிற புல்தரையோ அல்ல. பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். எனக்குத்தான் என்று நினைத்துக் காட்டினார்கள். உள்ளே போனேன், கதவை மூடினேன், தாழ்ப்பாளைத் தள்ளினேன், போய் விழுந்தது. எடுத்தேன். மறுபடி தள்ளினேன். மறுபடி எடுத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது, வெளியே வந்தபோது ஆயாம்மா ஒரு மாதிரி பார்த்தார். பெண் பிள்ளைகள் பக்கத்துக் கதவில் பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது, கனிஷ்கா போய்விட்டு வந்தாள், வந்ததும் நீல பாட்டிலைத் திறந்து அங்கேயே பாதியைக் குடித்தாள். நான் கேட்காமலே குடித்தாள். அந்த இடத்தில் முடிவு செய்தேன். ஆனால் வேன் காலையில் இருட்டோடு வருமாம். வேனில் தூங்கிப்போய்விட்டால். இங்கிலீஷ் தெரியாதவள் என்று தனியாக உட்கார வைத்தால். அவசரம் என்பதை இங்கிலீஷில் கேட்டால்தான் விடுவார்கள் என்றால், அவள் அதற்கும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால். இல்லை, ஆயாம்மா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் பார்த்தேன். தாழ்ப்பாள் இருக்கிறது. போதும்.

அவளுடைய யூனிஃபார்மை நான்தான் தேய்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் கத்தி மாதிரி மடிப்போடு ஒரு பாவாடை போனால் அது என் மகள். சாயங்காலம் திரும்பி வரும்போது முன்பக்க மடிப்பு நிற்கும், பின்பக்கம் மட்டும் நசுங்கியிருக்கும், சட்டையில் தோள்பட்டைக்குக் கீழே துருக்கறை. வாரத்தில் எல்லா நாளும் அதே இடத்தில். எங்கேம்மா சாய்ந்தாய் என்று கேட்டிருக்கிறேன், சாயலைங்ப்பா என்பாள். இடமில்லாமல் பீரோவை ஒட்டி உட்கார வைக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இப்போது பார்க்கிறேன், பீரோவில் துரு இல்லை. பெயின்ட் புதுசாகத்தான் இருக்கிறது. பின்னே எந்த இரும்பு. அவள் வகுப்பு உள்ளே ஹாலில், ஹாலில் சுவர்தான். இதைப் பற்றி யோசிப்பதற்குள் ஒரு பெரிய வகுப்புப் பிள்ளை வந்து தொங்குகிற தண்டவாளத் துண்டில் மணியடித்தாள். கதவுகளிலிருந்து பிள்ளைகள் கொட்டினார்கள், கொட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், மூட்டையைக் கவிழ்த்த மாதிரி. என் முட்டியில் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருத்தி நின்று ஸாரிங்கண்ணா என்றாள், பையன்கள் சுவர்ப் பக்கம், பெண் பிள்ளைகள் கட்டடத்தின் மூலைப் பக்கம். இந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் அந்த மூலை தெரிகிறது. வரிசை தெரிகிறது. பார்க்கக் கூடாத இடத்தைப் பார்க்கிறோமோ என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு திருப்பினேன். என் மகளைத் தேடுகிறேன், இதில் என்ன இருக்கிறது.

வரிசையில் அவள் இல்லை. ஒவ்வொரு பாவாடையாகப் பார்த்தேன், கசங்கிய பாவாடைகள், கை நீளமான சட்டைகள், அக்காவின் சட்டை தங்கைக்கு. இல்லை. வரிசையின் முனையில், கக்கூஸ் வாசலில், அந்த மடிப்பு தெரிந்தது. அடுத்து அவள்தான் போகப் போகிறாள் என்று நினைத்தேன், நல்லவேளை இன்று முதல் ஆளாக வந்துவிட்டாள் என்று ஒரு சந்தோஷம். கதவு திறந்தது, ஒரு சின்னப் பிள்ளை வெளியே வந்தது, இவள் போகவில்லை. பின்னாலிருந்த பிள்ளையை உள்ளே விட்டாள். கதவை இழுத்து மூடி, அதில் முதுகைச் சாய்த்து, ஒரு காலைத் தரையில் உந்திக்கொண்டு நின்றாள். தகரக் கதவு. துருப்பிடித்த தகரக் கதவு. மறுபடி திறந்தது, மறுபடி ஒருத்தி உள்ளே, மறுபடி முதுகு. "ரூப்பாலி, பாவாடையத் தூக்கிப் புடிச்சுட்டுப் போ, தண்ணியா கெடக்குது" என்று சொல்கிறாள், அது ஒடிசாப் பிள்ளை போலிருக்கிறது, தலையாட்டிவிட்டுப் போகிறது. "ஏ பிரதீபா, நடுவுல பூராதே, அவ அழுதுருவா." "நீ பெரிய வாட்ச்மேனு, போடி." "ஆமா, வாட்ச்மேன்தான், பின்னால போ." பிரதீபா பின்னால் போகிறாள். நான் எழுந்து நின்றுவிட்டேன், எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்திருந்த பெஞ்சிலிருந்து, எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. என் மகளுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

பக்கத்தில் டீச்சர் வந்து நின்றார். கையெல்லாம் சாக்பீஸ் பொடி. "டி.சி.ங்களா? உங்க பக்கத்து வீட்டம்மா நேத்தே சொன்னாங்க. நல்லாப் படிக்கிற புள்ளைங்க. நா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், இங்க இருக்கற நெலமை எனக்குத் தெரியாதுங்களா" என்றார். நான் அந்தக் கதவைக் காட்டி, "அதுக்குத் தாழ்ப்பாள் இல்லையா டீச்சர்?" என்றேன். டி.சி. கொடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இதுதான் வந்தது. அவர் சிரித்தார், சிரிப்பு மாதிரி இல்லை. "இருந்துச்சுங்க. போன வருசம் ஒண்ணாப்புப் புள்ள ஒண்ணு உள்ள போயித் தாழ் போட்டுக்கிச்சு, எடுக்கத் தெரியல. கத்திருக்குது, இந்த எரைச்சல்ல யாருக்குக் கேக்குது. மணி அடிச்சு எல்லாரும் வகுப்புக்குப் போன பொறவுதான் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. அடுத்த நாள் அந்தப் புள்ளையோட அப்பன் ஸ்குரு டிரைவரோட வந்தாரு. யாருகிட்டயும் ஒண்ணும் பேசலைங்க. தாழ்ப்பாளக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போயிட்டாரு. புதுசு வாங்கி மாட்டுனா மறுபடி ஏதாச்சு சின்னது மாட்டிக்குமோன்னு எனக்கும் பயம். பக்கத்துல இன்னொண்ணு இருக்குது, அது அடைச்சுக் கெடக்குது, எழுதிப் போட்டிருக்கேன். அப்பறம் புள்ளைகளே ஒருத்தருக்கொருத்தர் புடிச்சுக்க ஆரம்பிச்சுதுங்க. உங்க பொண்ணு கதவுக்கு வந்ததுக்கப்பறம் சண்டை இல்லை, வரிசை ஒழுங்கா நகருது. நல்லாப் பாத்துக்கறா." நல்லாப் பார்த்துக்கொள்கிறாள். இன்டர்வெல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறாள். அவள் முறை வருவதே இல்லை, வரிசையிலேயே இல்லாதவளுக்கு ஏது முறை. குடிச்சா போகோணும்ல என்றவள் இதை மட்டும் தங்கமணியக்காவிடமும் சொல்லவில்லை.

அந்த அப்பனை எனக்குப் புரிகிறது. நானும் கிட்டத்தட்ட அதைச் செய்யத்தான் வந்திருக்கிறேன். அவர் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போனார், நான் கனிஷ்காவைக் கழற்றிக்கொண்டு போகப் போகிறேன். நாளைக்கு அந்தக் கதவில் பிரதீபா நிற்பாள். அல்லது அந்த ரூப்பாலி. வேறொரு வீட்டில் வேறொரு பாட்டில் நிறைந்து திரும்பி வரும், முக்கில் நாய் சட்டியோடு நிற்கும். நிற்கட்டும், அது எனக்கென்ன, எனக்கு ஒரு பிள்ளைதான், அவள் அம்மாவும் இல்லாத பிள்ளை, அவளைக் காப்பாற்றினால் எனக்குப் போதும். இப்படித்தான் நினைத்தேன், நினைத்துக்கொண்டே, "கனிஷ்கா" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள். வரவில்லை. "இருங்ப்பா, உள்ள ஆளு இருக்குது" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. மணியடிக்கிற பிள்ளை கையில் இரும்புக் கம்பியோடு தண்டவாளத் துண்டின் பக்கம் போய் நின்று டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். இன்டர்வெல் முடியப் போகிறது. இன்றைக்கும் அவள் போகவில்லை. எனக்கு ஒரு சுவரும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாலும், மேஜையில் கிடக்கிற டோக்கனும் தெரிந்தன, கடிகாரத்தைப் பார்க்கிற அந்த முகம் தெரிந்தது. அந்த மேஜைக்கு நான் ஒருநாளும் போனதில்லை.

"டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாக இருந்தது. "அந்தக் கதவை நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கணும். எம் மக உள்ள போயிட்டு வரணும். காலையில இருந்து போகலை. தெனமும் போறதில்லை. அதனாலதான் காய்ச்சல் வந்துச்சு. அதனாலதான் டி.சி. கேட்டு வந்தேன்." சொல்லிவிட்டேன். சொந்தக் காரணம் இவ்வளவுதான், சொன்ன பிறகு பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். இதுவரை ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, கோபம் வருமோ என்று நினைத்தேன், வந்தால் வரட்டும். அவர் மணிக்காரப் பிள்ளையிடம், "இரு சாமி, அடிக்காத" என்றார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படியிறங்கி நடந்தார். பிள்ளைகள் வழிவிட்டார்கள், ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கதவருகே போய் ஏதோ சொன்னார். கனிஷ்கா நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உள்ளே இருந்த பிள்ளை வெளியே வந்ததும் போனாள். டீச்சர் கதவை மூடி, அவளைப் போலவே முதுகைச் சாய்த்து, ஒரு காலை உந்திக்கொண்டு நின்றார். நான் திரும்பி நின்று பீரோவின் கரும்பலகையில் இருந்த கழித்தல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் முழுக்க என் மகளுக்காகக் காத்திருந்தது. பின்னால், "இதுல இவ்வளவு பலமாத் தள்ளோணுமா? காத்து வேற இழுக்குதே" என்று டீச்சர் சொல்வதும், "ஆமாங் டீச்சர், காலை அப்பிடி வெக்கக் கூடாது, வழுக்கும்" என்று பிரதீபா சொல்வதும் கேட்டது.

வந்தாள். கை ஈரம். ஹாலுக்குள் ஓடி நீல பாட்டிலை எடுத்து வந்து, என் எதிரில் நின்று, அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதிக்கு மேல் போய்விட்டது. மூடியைத் திருகியபடி, "டி.சி. வாங்கிட்டீங்ளாப்பா?" என்றாள். இல்லை என்றேன். விண்ணப்பத்தை நான் கிழிக்கவில்லை, அது சட்டைப் பையில்தான் இருக்கிறது, இருக்கட்டும், அந்தப் பட்டாம்பூச்சிக் கதவையும் நான் மறந்துவிடவில்லை. டீச்சர் திரும்பி வந்தபோது அவர் முதுகில், சேலையில், ஒரு சாண் அகலத்துக்குத் துரு. அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "டீச்சர், முதுகில கறை. எலுமிச்சம்பழம் தேச்சு வெயில்ல போடுங்க, போயிரும்" என்றேன். எட்டித் தடவிப் பார்த்துவிட்டு, "தெனமும் புடிச்சா தெனமும் தேய்க்கோணுமாட்ட இருக்குது" என்றார். பிறகு, "மத்தியானச் சாப்பாடு செய்யற அம்மாகிட்ட, கதவப் புடிச்சுக்க முடியுமான்னு பேசிப் பாக்கறேன். வெள்ளிக்கிழமை பெத்தவங்க கூட்டம் இருக்குது, நீங்களும் வந்து இப்பச் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றார். வருகிறேன் என்றேன். "நாளைக்கும் இந்நேரத்துக்கு வருவேன் டீச்சர். எங்களுக்கும் அப்பத்தான் டீ விடுவாங்க, ஒரு எட்டு நடந்தா வந்துரலாம். அந்தக் கதவைப் பிடிக்கப் பெரிய ஆளு ஒருத்தர் வர்ற வரைக்கும் தெனமும் வந்து இந்த பெஞ்சில உட்காருவேன்." அவர் என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்து, "டி.சி.க்குங்களா?" என்றார்.

"கதவுக்கு" என்றேன்.

அவர் தலையசைத்தார், எனக்கா, மணிக்காரப் பிள்ளைக்கா தெரியவில்லை. மணி அடித்தது.